சரவணமுத்து மைதானம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொழும்பின் கெத்தாராம அரங்கில் (ஆர். பிரேமதாச மைதானம்) இரவாட்டம் பார்த்துப் பழகிய என் மகனுக்குப் பொரளையிலுள்ள சரவணமுத்து மைதானம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "அது வெறும் கழக மைதானம்தானே, அப்பா" என்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்லலாம்?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

கழக மைதானம்தான். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியனுக்கு உரியது. ஆனால் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை, 1982 பெப்ரவரி 17 அன்று, இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது அங்கேதான். பாடசாலை மாணவனாக இருந்த அர்ஜுன ரணதுங்க அரைச்சதம் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்ற அணி, இங்கிலாந்தின் எம்பூரி வீசிய சுழலில் 175க்குள் சுருண்டது.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1948இல், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அங்கே ஒரு நாள் ஆடியது. நம் அணித்தலைவர் சதாசிவம். ஆடுகளத்தின் நீளம் 22 யார் அல்ல, 20 யார்தான் என்பது பிறகே தெரியவந்தது!

மகனுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது வேறொன்று. அந்த முதல் டெஸ்ட் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1983 ஜூலையில் கழகக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். நாடே பெருமையோடு கூடியிருந்த இடம், தமிழருடையது என்பதற்காக எரிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1985 செப்டெம்பரில் அதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்றோம். இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றி அது. ருமேஷ் ரத்நாயக்க தன் பந்திலேயே கபில் தேவைப் பிடித்துவிட்டு இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் படத்தை மகனுக்குக் காட்டுங்கள். மறுநாள் அரசாங்க விடுமுறை. அந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் 1983ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கெத்தாராமவின் பெருமையை நான் மறுக்கவில்லை. மின்னொளியும் 35,000 பேருக்கு இடமும் அங்கே இருக்கின்றன. 1997இல் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 குவித்ததும் அங்கேதான். ஆனால் முரளிதரன் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடியது தமிழ் யூனியனுக்காக. 2015இல் சங்கக்கார தன் கடைசி டெஸ்ட் போட்டியை ஆடியதும் உங்கள் மகன் வெறும் கழக மைதானம் என்று சொல்லும் அந்த இடத்தில்தான்.