வாசகர் கேள்வி-பதில்: டர்போ பக்கத்துல போற ஹோஸும் அதுக்கு விக்கிற ஸ்லீவும்

கேள்வி: 7 வருஷ டர்போ கார். டர்போகிட்ட போற கூலன்ட் ஹோஸ் (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி போற ரப்பர் குழாய்) காஞ்சு வெடிச்சு மாத்தியாச்சு. இப்ப புது ஹோஸும் அதே இடத்துல கெட்டியாகுது. வொர்க்ஷாப்ல ஹோஸ் மேல ஸ்லீவ், அதான் சூட்டைத் தடுக்கிற உறை, போடச் சொல்றாங்க, எது வாங்கலாம்? (யீஷூன்)

பதில்: ஸ்லீவ் அப்புறம். முதல்ல டர்போ மேல கம்பெனி போட்ட தகர மூடி, அந்த ஹீட் ஷீல்டு, இருக்கான்னு பாருங்க. வேலைக்காக கழட்டுவாங்க, துருப்பிடிச்ச போல்ட் உடையும், அப்படியே விட்டுட்டு பானட்டை மூடிடுவாங்க. ஒரே இடத்துல ரெண்டு ஹோஸ் காயுதுன்னா ரப்பரை குத்தம் சொல்ல முடியாது. டர்போ இன்ஜினோட எக்ஸாஸ்ட் புகையில சுத்துற சாமான், பெட்ரோல் கார்ல அதுக்குள்ள போற புகை 900 டிகிரியையும் தாண்டும், சாதாரண கூலன்ட் ஹோஸ் இபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர், அது தொடர்ந்து தாங்குறது 125லேர்ந்து 150 டிகிரி வரைக்கும்தான்.

ஷீல்டு சரியா இருந்தா அடுத்தது தூரம். ஹோஸைப் பிடிக்கிற கிளிப் உடைஞ்சு அது டர்போ பக்கம் சாஞ்சிருக்கலாம், ஒரு பிராக்கெட் போட்டு ரெண்டு விரல் தள்ளி வச்சாலே பெரிய வித்தியாசம் தெரியும், செலவும் கம்மி. அதுக்கு மேலயும் வேணும்னா வெளியில அலுமினியம் ஃபாயில், உள்ள கண்ணாடி நார் இருக்குற ஸ்லீவ் வாங்குங்க. ஃபாயில் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனா ஸ்லீவுக்கும் டர்போவுக்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கணும், ஒட்டிக்கிட்டு இருந்தா ஃபாயிலால பிரயோஜனம் இல்ல. காஞ்ச ஹோஸ் மேல ஸ்லீவ் போடாதீங்க, வெடிப்பு கண்ணுக்குத் தெரியாம போயிடும். ஹோஸை மாத்திட்டு போடுங்க.

கேள்வி: ஆன்லைன்ல ஒரு ஸ்லீவ், 1200 டிகிரி தாங்கும்னு போட்டிருக்கு, மீட்டர் 6 வெள்ளி. வாங்கலாமா? (புக்கிட் பாத்தோக்)

பதில்: இந்த நம்பரைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். 1200 டிகிரின்னா எவ்வளவு நேரத்துக்கு? ஒரு நிமிஷமா, வருஷக்கணக்காவா? நெருப்பு படுறப்பவா, தள்ளி நிக்கிறப்பவா? இது எதுவுமே இல்லாம வெறும் நம்பரை மட்டும் போட்டு விக்கிறாங்க. அலுமினியமே 660 டிகிரியில உருகிடும். சாதாரண கண்ணாடி நார் தொடர்ந்து தாங்குறது 500 டிகிரி சொச்சம். அந்த ரெண்டையும் ஒட்டுற பசை அதைவிட எவ்வளவோ கம்மி, ஓரத்துல தைக்கிற வெல்க்ரோ நைலான்னா அதுவும் சீக்கிரம் இளகிடும். ஒரு ஸ்லீவ் அதோட பலவீனமான பாகம் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் தாங்கும், விக்கிறவங்க பலமான பாகத்தோட நம்பரை எடுத்து அட்டையில அடிக்கிறாங்க. இது வாங்குறவங்களை ஏமாத்துற வேலை, எனக்கு இதுல கோவம் உண்டு.

நானே ஒண்ணு வாங்குனேன், படத்துல பளபளன்னு இருந்துச்சு, மாட்டி கொஞ்ச நாள்ல ஃபாயில் சுருங்கி கருகிடுச்சு. கழட்டிப் பார்த்தா அது ஃபாயிலே இல்ல, அலுமினியம் பூசுன பாலியெஸ்டர் பிளாஸ்டிக், அது 250 டிகிரி பக்கத்துலேயே உருகுற சாமான். கடைக்காரர் காசைத் திருப்பித் தரவே இல்ல. அதனால சொல்றேன், வாங்குனதும் ஒரு சின்ன துண்டை வெட்டி வெளியில வச்சு லைட்டர் காட்டிப் பாருங்க, கண்ணாடி நார் எரியாது, பிளாஸ்டிக்னா சுருங்கி சொட்டும். தொடர்ந்து தாங்குற சூடு எவ்வளவுன்னு கேட்டா பதில் சொல்ற கடையில வாங்குங்க.

கேள்வி: நீல கலர் சிலிக்கான் ஹோஸ் அழகா இருக்கு, பெட்ரோல் லைனுக்கும் அதையே போட்டுடலாமா? (தெம்பனீஸ்)

பதில்: கூடாது. பெட்ரோல்ல சாதாரண சிலிக்கான் ஊதிப்போயி கசியும், பக்கத்துல டர்போ இருக்கு. கூலன்ட்டுக்கு நல்ல ஹோஸ், அதோட நிறுத்திக்குங்க.

கேள்வி: ரெண்டு மாசத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்குனேன். பிஐஇ விரைவுச்சாலையில போறப்ப கூலன்ட் ஹோஸ் வெடிச்சு இன்ஜின் சூடாகி நின்னுடுச்சு. வேற மெக்கானிக் பார்த்துட்டு ஹீட் ஷீல்டே இல்ல, ஹோஸை பிளாஸ்டிக் டையால டர்போ பக்கம் இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு சொல்றாரு. டீலர் தேய்மானம்னு கைவிரிக்கிறாரு. மனைவியோட சேமிப்பும் இதுல போச்சு. (உட்லண்ட்ஸ்)

பதில்: ரொம்ப வருத்தமா இருக்கு, இது உங்க தப்பே இல்ல. தேய்மானம்கிறது வயசான ரப்பருக்கு சொல்ற வார்த்தை, ஷீல்டைக் கழட்டி வச்சதுக்கும் தப்பா கட்டுனதுக்கும் அது பொருந்தாது. சாதாரண நைலான் டை 85 டிகிரிக்குதான், அதை டர்போகிட்ட கட்டுனவங்க என்ன வேலை தெரிஞ்சவங்க?

லெமன் லா, அதான் கோளாறான பொருளை வாங்குனவங்களுக்குப் பாதுகாப்பு தர்ற சிங்கப்பூர் சட்டம், 2012 செப்டம்பர்லேர்ந்து இருக்கு, பழைய காருக்கும் உண்டு. கார் கைக்கு வந்த 6 மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது குடுக்கிறப்பவே இருந்ததுன்னுதான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது டீலர். நீங்க ரெண்டாவது மாசத்துலயே இருக்கீங்க. வெடிச்ச ஹோஸையும் அந்த டையையும் தூக்கிப் போடாதீங்க, படம் எடுங்க, மெக்கானிக்கிட்ட எழுத்துல அறிக்கை வாங்குங்க. முதல்ல ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி டீலருக்கு எழுதுங்க, வாட்ஸ்அப்ல எழுதுனாலும் சரி, வாயால மட்டும் பேசாதீங்க. அவர் ஒழுங்கா செய்யலன்னா விலையைக் குறைக்கவோ காசைத் திருப்பிக் கேட்கவோ வழி இருக்கு. கேஸ் (CASE) அமைப்புல, அதான் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துல, புகார் குடுங்க, அப்பவும் நடக்கலன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல், அதான் சின்னத் தொகை வழக்குக்கான நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000. வக்கீல் இல்லாம நீங்களே போற இடம் அது. அதுவரைக்கும் ஷீல்டு இல்லாம காரை ஓட்டாதீங்க.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை ஒண்ணா சேர்க்கிற இரும்புக் குழாய்) முழுக்க துணி மாதிரி ராப் சுத்திட்டேன், ஹோஸ் எல்லாம் பத்திரம்தானே? வால்வ் கவர்ல லேசா ஆயில் கசிவு இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுருக்கேன். (ஜூரோங்)

பதில்: இன்னிக்கே கழட்டுங்க. கசியுற ஆயில் அந்த ராப்ல ஊறுனா தீப்பிடிக்கும், அது கூடவா யோசிக்கல? ராப் சூட்டை உள்ளயே பிடிச்சு வைக்கிறதால வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. கசிவை அடைச்சுட்டு ஒரிஜினல் ஷீல்டை மாட்டுங்க.

கேள்வி: ஜோகூர் போயிட்டு வர்றப்ப காஸ்வே ஜாம்ல நின்னு நின்னு வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணுனதும் ஃபேன் தொடர்ந்து ஓடுது. பேட்டரி போயிடும்னு அண்ணன் வயரைக் கழட்டச் சொல்றான். (செம்பவாங்)

பதில்: கழட்டாதீங்கப்பா. ஜாம்ல முன்னாடிலேர்ந்து காத்து வராது, இன்ஜினை நிறுத்துனதும் ஆயிலும் நிக்குது, டர்போவோட சூடு முழுக்க சுத்தி இருக்குற ஹோஸ் மேலதான் இறங்கும். சில கார்ல ஃபேனோட சின்ன எலெக்ட்ரிக் பம்ப்பும் சேர்ந்து ஓடும், அந்த சூட்டை இறக்கத்தான் கம்பெனி அப்படி வச்சிருக்கு. கொஞ்ச நேரத்துல தானா நிக்கும். நிக்காம மணிக்கணக்கா ஓடுனா மட்டும் வொர்க்ஷாப்ல காட்டுங்க, இன்ஜின் ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க.