பாட்டி சுருக்குப்பையில் இருந்த ஓட்டைக் காலணாக்கள்: புளி வேண்டாம்

சகோ, தண்டையார்பேட்டைல பாட்டி சுருக்குப்பையில கிடைச்ச 1944 ஓட்டைக் காலணாவையும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயையும் புளி போட்டுத் தேய்க்கலாமானு கேட்டிருந்தீங்க. வேணாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு ஆகாது. அமிலம் மேல்பரப்பையே அரிச்சிடும். அந்தக் கருப்பு அழுக்கில்ல, வருஷக்கணக்கா படிஞ்ச படலம். அதுதான் காசுக்குக் காப்பு. விபூதியும் வேணாம், கீறல் விழும்.

பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா மட்டும் உஷார், அந்தக் காசைத் தனியா வைங்க. காசிமேட்டுப் பக்கம் வீசுற உப்புக்காத்துக்கு நம்ம வீட்டு ஜன்னல் கம்பியே தாங்கல! மெத்துமெத்துனு இருக்கிற பிவிசி கவர் வேண்டாம், அதுவே பச்சைப் பிசுக்கு விடும். காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

காலணா ஓட்டையில பாட்டி கோத்த நூலை அறுக்காதீங்க. உருவி, முடிச்சோட தனிக் கவர்ல போடுங்க. பருத்தி ஈரத்தை இழுக்கும்.

மச்சான் "வெள்ளி விலைக்குத் தள்ளிடலாம்"ங்கிறாரா? 1944 ரூபாயோட எடை 11.66 கிராம், அதுல வெள்ளி பாதிதான். ஓட்டைக் காலணா 1943-லேர்ந்து 1947 வரை ஏகத்துக்கும் அடிச்சது, பெரிய விலை போகாது. இதைச் சொன்னா அவரே அடங்கிடுவார்.