வாசகர் கேள்வி: மழைக் கரையில் திராட்சைப் பந்தல்

எங்கள் பக்கம் பழம் கனிகிற நேரத்தில் மழை பிடித்தால் அந்தப் போகமே போச்சு என்று தலையில் துண்டுதான். ஸ்பெயினில் ஓயாமல் மழை கொட்டும் ஒரு கடற்கரையில் திராட்சை போட்டு வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். கதை விடுகிறானா?
- திராட்சை விவசாயி, கம்பம்

பையனைத் திட்டாதீர்கள், அவன் சொன்னது சரிதான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா, அதில் ரியாஸ் பைஷாஸ் என்கிற கடலோரம். ஸ்பெயின் என்றதும் மண்டையைப் பிளக்கும் வெயிலும் காளைச் சண்டையும்தானே ஞாபகம் வரும், இங்கே வேறு மாதிரி: அட்லாண்டிக் கடல் விரல் விரலாக நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும், ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை, அதாவது சென்னையில் பெய்வதைவிட அதிகம். நல்லவேளையாக அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும், பழம் திரளும் ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

திராட்சையின் பெயர் அல்பரீன்யோ. சின்னக் காய், தடித்த தோல், ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் ஈரத்தில் பரவும் பூஞ்சையான அடிச்சாம்பல் நோய் சும்மா விடுமா? அதற்கு அவர்கள் கண்ட வழி உங்களுடையதேதான், பந்தல்! கருங்கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். அடியில் கடற்காற்று தாராளமாகப் புகுந்து இலையையும் கொத்தையும் உலர்த்திவிடும். தூணுக்குக் கல் தேடி அலைய வேண்டாம், அந்த ஊர் மண்ணே கருங்கல் உதிர்ந்து உண்டான மணல்தான், எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பந்தலுக்கு அடியில் உருளைக்கிழங்கு, கோஸ் என்று போட்டு வீட்டுச் சமையலையும் பார்த்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். நாள் முழுக்க அண்ணாந்து கொத்து வெட்டினால் கழுத்து என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வித்தியாசம் ஒன்றுதான். உங்கள் கொடி தூங்குவதே இல்லை, கவாத்து செய்தால் மறுபடி காய்க்கும். அங்கே குளிரில் இலை உதிர்த்துப் படுத்துவிடும், செப்டம்பரில் ஒரே ஒரு அறுவடை.

குளிர்ப் பிரதேசத்தில் பழம் இனிக்காதே, அதில் எப்படி நல்ல ஒயின்?
- ஒரு வாசகி, திருச்சி

இனிப்பு வேண்டிய அளவுக்கு ஏறிவிடும், ஒயினில் 12, 12.5 சதவீத ஆல்கஹால் வருகிறதே. விஷயம் புளிப்பில் இருக்கிறது. வெக்கை கூடக்கூடத் திராட்சை தன்னிடம் உள்ள மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்த்துவிடும், குளிர்ச்சியான இடத்தில் அது பழத்திலேயே தங்கிவிடும். புளி போடாத ரசத்தை நினைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும், காரமாக இருக்கும், ஆனால் ரசமாக இருக்காது. அல்பரீன்யோவில் எலுமிச்சைத் தோல், பீச் பழ வாசனையோடு கடைசியில் நாக்கில் லேசாக ஓர் உப்புக் கரிப்பு. கடற்காற்றுதான் காரணம் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கென்னவோ அந்தப் புளிப்பு செய்கிற வேலை என்றுதான் தோன்றுகிறது.

அதே கடலில் மரத் தெப்பங்களைக் கட்டி, கயிறு கயிறாகத் தொங்கவிட்டு நம் கல்லுமேக்காய் மாதிரியான சிப்பியை வளர்க்கிறார்கள். சிப்பியும் இந்த ஒயினும் அங்கே இட்லியும் சட்னியும் மாதிரி.

வெள்ளை ஒயினுக்குப் பச்சைத் திராட்சை மட்டும்தானா?
- கல்லூரி மாணவர், மதுரை

கட்டாயமில்லை. ஒரு பன்னீர் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், தோல்தான் கறுப்பு, சதை கண்ணாடி மாதிரி இருக்கும். தோலை ஊறவிடாமல் சாற்றை உடனே பிரித்துவிட்டால் வெள்ளை. அல்பரீன்யோ பச்சைத் திராட்சை என்பதால் அந்தச் சிக்கலும் இல்லை.

இது ஜெர்மனியிலிருந்து வந்த திராட்சை என்கிறார்களே?
- ஒரு வாசகர், கோவை

ரைன் நதிக்கரையிலிருந்து துறவிகள் கொண்டுவந்த ரீஸ்லிங் என்ற ஜெர்மன் திராட்சைதான் இது என்று ரொம்ப நாள் ஒரு கதை ஓடியது. மரபணுவைப் பார்த்தால் இரண்டுக்கும் சொந்தமே இல்லை. இதைவிடப் பெரிய கூத்து ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த குச்சிகளை அல்பரீன்யோ என்று நம்பி நட்டு, வளர்த்து, லேபிள் ஒட்டி விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். 2009-இல் சோதனை முடிவு வந்தது: அது சவான்யான் என்ற பிரெஞ்சுத் திராட்சை! எத்தனை வருஷத்து உழைப்பு, நாற்று மாறிப்போனால் என்ன ஆகும் என்று கம்பத்துக்காரரைக் கேளுங்கள்.

நீங்கள் குடித்திருக்கிறீர்களா? மழுப்பாமல் சொல்லவும்.
- பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

ஒரே ஒரு தரம், நண்பர் கொண்டுவந்த பாட்டில். அவசரப்பட்டுக் குளிர வைக்காமல் திறந்து குடித்து, இதற்கா இவ்வளவு பேச்சு என்று ஃபிரிட்ஜில் தூக்கி வைத்துவிட்டேன். ராத்திரி வீட்டில் நெத்திலி வறுத்தார்கள், சரி என்று மறுபடி எடுத்தேன். நெத்திலி தீர்வதற்கு முன்னால் பாட்டில் தீர்ந்துவிட்டது.