"புகைதான் இல்லையே" என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 17 வயது. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிறான். துவைக்க எடுத்த ஷார்ட்ஸில், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையான கூல் லிப் டப்பா இருந்தது. கேட்டால், "சிகரெட்டா பிடிக்கிறேன்? புகையே இல்லை, மூச்சுக்கு ஒன்றும் ஆகாது, கிரவுண்டில் சுறுசுறுப்பாக இருக்கு" என்கிறான். அம்மாவிடம் சொல்லவா?
– ஓர் அக்கா

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள்மா. வீட்டில் சண்டை வந்தால் டப்பாவை ஒளித்துவைக்கும் இடம்தான் மாறும். முதலில் நீங்கள் அவனிடம் பேசுங்கள், ஏனென்றால் அவன் சொல்வதில் பாதி உண்மை.

சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டுக்குள் ஒதுக்குவதில் அது இல்லை, சரி. ஆனால் நிகோடின் அதேதான். உள்தோல் வழியே ரத்தத்தில் இறங்கி, சும்மா நிற்கும்போதே இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிரஷரை ஏற்றிவிடுகிறது, அதற்குமேல்தான் அவன் ஓடவே ஆரம்பிக்கிறான். சுறுசுறுப்பு என்கிறானே, அதில் பெரும்பங்கு முன்பு போட்டதன் வேகம் இறங்கியதும் வந்த எரிச்சல் அடங்குவதுதான்.

அப்புறம் வாய். புகையில்லாப் புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் 28 வரை கண்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் வருஷக்கணக்கில் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டே ஆடியவர். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் 2014-ல் 54 வயதில் இறந்தார். அந்தப் பழக்கம்தான் காரணம் என்று அவரே நம்பினார்.

நல்ல வெளிச்சத்தில் கீழுதட்டை மடித்துக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமாக வைக்கிற இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா, ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, காரம் பட்டால் எரிச்சலோ, வாயைத் திறக்கச் சிரமமோ இருந்தால், கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு உடனே கூட்டிப் போங்கள்.

எனக்குக் கோபமெல்லாம் விற்றவர் மேல்தான். 18 வயதுக்குக் கீழே புகையிலை விற்பது குற்றம். எந்தக் கடை என்று தெரிந்தால் போலீசில் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

விடுவதற்கு மேட்ச் இல்லாத வாரமாகப் பாருங்கள். முதல் சில நாள் தூக்கம் கெடும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான், பதிலுக்கு நீங்களும் எரிந்து விழாதீர்கள். அவன் சம்மதித்தால் கோச்சிடமும் சொல்லிவையுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கவுன்சலிங் தருகிறார்கள், அவனையே பேச விடுங்கள்.