கேட்டில் நின்ற நேரம் யார் கணக்கில்? – சரக்குப் போக்குவரத்து கேள்வி-பதில்

நாமக்கல்லில் ஒரு லோடு புக்கிங் ஆபீசில் எல்.ஆர். (லாரி ரசீது) எழுதித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி எழுதிய கை இப்போது நாள் முழுக்கப் போனைத் தட்டுகிறது. சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில், டோல் கட்டணம் பிடிக்கும் ஃபாஸ்டேக் ஒட்டி, ஜிபிஎஸ் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படும் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயரை எழுதவில்லை.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனேவுக்குப் போன எங்கள் வண்டி ஹூப்ளி பக்கம் கிளட்ச் போய் மூன்று நாள் நின்றுவிட்டது. இ-வே பில் நள்ளிரவோடு முடிந்திருக்கிறது. காலை 9 மணிக்குத்தான் பார்த்தோம். நீட்டிக்க முடியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

ஒரு மணி நேரத்தில் தவறவிட்டீர்கள். பில் முடிவதற்கு முந்தைய 8 மணி நேரமும் முடிந்த பிறகு வரும் 8 மணி நேரமும்தான் நீட்டிக்கக் கிடைக்கும் அவகாசம். பில் எப்போதும் நள்ளிரவில் முடிவதால், மாலை 4 மணிக்குத் திறக்கும் கதவு மறுநாள் காலை 8 மணிக்கு மூடிவிடும். முடியும் நாளன்று மாலை 4 மணிக்கு அலாரம் அடிக்கும்படி டிரைவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துவிடுங்கள்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சேலம்–புனே சுமார் 1,050 கிலோமீட்டர் என்றால் ஆறு நாள் கிடைக்கும். வழியில் எதுவும் கெடாமல் இருந்தால் தாராளம். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் மனதில் கிளட்ச் பிளேட்டும், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஸ்பேர் கடையும் இல்லை.

அவகாசம் தாண்டிப்போனால் முதல் வேலை, வண்டியை நகர்த்தாமல் இருப்பது. சரக்குக்காரரிடமும் அவருடைய ஆடிட்டரிடமும் பேசி முடிவு தெரிந்த பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். வழியில் பிடித்தால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. 12 லட்சம் ரூபாய் சரக்குக்கு 5 சதவீத வரி 60,000 என்றால் கட்டச் சொல்வது 1,20,000. அந்த நடையின் வாடகையே அவ்வளவு இருக்காது.

நின்றதற்குச் சான்று சேர்த்து வையுங்கள். மெக்கானிக் பில், கழற்றிப் போட்ட கிளட்ச்சின் படம், வண்டி அசையாமல் நின்றதைக் காட்டும் ஜிபிஎஸ் அறிக்கை, மூன்றும் வேண்டும். தெலங்கானாவில் ஒரு காகித வியாபாரியின் சரக்கு 2020 ஜனவரியில் போராட்டம் நடந்த சாலையில் மாட்டி, இ-வே பில் காலாவதியாகி, 69,000 ரூபாய் பிடுங்கப்பட்டது. உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் அங்கேயும் தோற்று, வியாபாரிக்கு வழக்குச் செலவும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தது. பில் காலாவதியானதாலேயே வரி ஏய்க்க நினைத்தார் என்று ஆகிவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இன்னொன்று. வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாறிப்போனது போன்ற தட்டச்சுப் பிழைக்கு இந்தப் பெரிய அபராதம் கிடையாது. 2018 செப்டம்பர் 14 ஜிஎஸ்டி சுற்றறிக்கைப்படி மத்திய, மாநில வரிக்கு 500, 500 என மொத்தம் 1,000 ரூபாய்தான். அதன் நகலை வண்டியிலேயே வையுங்கள்.

வண்டி எங்கள் செட்டில் நிற்கும்போதே ஆந்திராவில் ஒரு டோல்கேட்டில் பணம் போனதாக மெசேஜ் வந்தது. எப்படி?
– லாரி உரிமையாளர், கிருஷ்ணகிரி

ஃபாஸ்டேக் ஒட்டியில் பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் மேலே இருக்கும் கருவி அனுப்பும் அலையையே வாங்கிக்கொண்டு அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. ஒட்டி சரியாகப் படிக்காதபோது ஊழியர் வண்டி எண்ணைக் கையால் அடிக்கிறார். அதில் ஓர் எண் மாறினால் எவனோ ஓட்டிய வண்டிக்கு உங்கள் கணக்கில் பணம் போகும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் பேசுங்கள், ஒட்டி கொடுத்த வங்கியிலும் எழுத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் வண்டி செட்டில் நின்ற ஜிபிஎஸ் படத்தை இணைத்தால் வங்கி இழுத்தடிக்க முடியாது. தவறு உறுதியானால் வசூல் செய்பவர் மீது 1 லட்சமோ அதற்கு மேலோ அபராதம் விழும் என்பதால் இப்போதெல்லாம் ஓரளவு பயம் இருக்கிறது.

டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒட்டி நன்றாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, அவர்கள் கருவிதான் படிக்கவில்லை என்றால் கட்டணம் இல்லாமல் விட வேண்டும், பூஜ்ய ரசீது தர வேண்டும். 2018லிருந்தே இது விதி. கணக்கில் பணம் இல்லையென்றால் கையில் கட்டுவது இரட்டிப்பு. 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. 600 ரூபாய் டோலுக்கு 1,200க்குப் பதில் 750.

பத்தொன்பது வருஷமாக லைன் வண்டி ஓட்டுகிறேன். ராத்திரி வண்டி நின்றால் உடனே ஆபீசிலிருந்து போன் வருகிறது. அடுத்தது கேபினுக்குள் கேமரா மாட்டப் போகிறார்களாம். நான் என்ன திருடனா?
– ஓட்டுநர், பரமத்தி வேலூர்

இல்லை அண்ணா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது, அது இன்னும் உறுத்துகிறது.

டீசல் சென்சார் மாட்டிய புதிதில், தருமபுரி தாண்டிய ஒரு வண்டியில் திடீரென்று 18 லிட்டர் குறைந்ததாகத் திரையில் கோடு விழுந்தது. நான் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். அவர் பதிலே பேசவில்லை. மறுவாரம் இன்னொரு வண்டியில் அதே இடத்தில் அதே சரிவு. பிறகுதான் புரிந்தது, அது தொப்பூர் கணவாய். வண்டி இறக்கத்தில் மூக்கு குத்தி நிற்கும்போது டேங்கில் இருக்கும் டீசல் முன்பக்கம் ஓடிவிடுகிறது. டேங்கின் பின்புறம் மாட்டிய சென்சார் அதைக் 'குறைவு' என்று எழுதுகிறது. சமதளம் வந்ததும் கோடு பழையபடி ஏறியிருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார். ஆனாலும் அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை.

அதனால் முதலாளிகளுக்குச் சொல்கிறேன். வண்டி எங்கே நிற்கிறது என்பதைத்தான் திரை காட்டும், ஏன் நிற்கிறது என்பதை அது காட்டாது. ஓடுகிற வண்டிக்குப் போன் போடாதீர்கள், போனை எடுக்கப் போய்த்தான் விபத்து. ராத்திரி 2 மணிக்கு நின்ற வண்டியின் டிரைவர் தூங்குகிறார் என்றால் உங்கள் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியாகிவிட்டது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அறுபது வருஷமாக இதை யாரும் அளக்கவில்லை. இப்போது ஜிபிஎஸ் அளக்கிறது. டீசலுக்காகப் பார்க்கும் அதே அறிக்கையில் உங்கள் டிரைவர் எத்தனை மணி நேரம் சக்கரம் பிடித்தார் என்பதும் இருக்கிறது. அதையும் படியுங்கள்.

அண்ணா, உங்களுக்கு: சாலையைப் பார்க்கும் கேமராவுக்கு மறுப்பு சொல்லாதீர்கள். கார்க்காரன் குறுக்கே வந்து மோதினாலும் பெரிய வண்டி மீதே பழி விழும் ஊர் இது, அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும். கேபினுக்குள் பார்க்கும் கேமரா வேறு விஷயம். நீங்கள் சமைத்து, தூங்கி, உடை மாற்றும் இடம் அது. வண்டி ஓடும்போது மட்டும் பதிவு, நின்றால் அணைய வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

ஆப்பில் லோடு இருப்பதாக ஒருவர் பேசினார். கேட் பாஸுக்கு முதலில் 3,500 அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
– ஓட்டும் உரிமையாளர், ராசிபுரம்

வேண்டாம். லோடு கொடுப்பவர்தான் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பார். லோடு ஏறுவதற்கு முன்பே வண்டிக்காரனிடம் பணம் கேட்பவரிடம் லோடு இல்லை.

எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆனால் ஒரிஜினல் பிஓடி (சரக்கு சேர்ந்ததற்கான அத்தாட்சி) கூரியரில் வந்த பிறகு 60 நாள் கழித்துத்தான் வாடகை பேலன்ஸ் தருகிறார்கள். கம்பெனி கேட்டில் இரண்டு நாள் நின்றதற்கு ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) கேட்டால், 'நின்றதற்கு ஆதாரம் எங்கே' என்கிறார்கள்.
– இரண்டு லாரி வைத்திருப்பவர், திருச்செங்கோடு

இந்தத் தொழிலில் டிஜிட்டல் இன்னும் சரியாக எட்டாத இடம் இது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை வரிச் சோதனைச்சாவடிகள் போயின, டோல்கேட் வரிசை குறைந்தது. சாலையில் மிச்சமான நேரத்தையெல்லாம் இப்போது கம்பெனி கேட் தின்கிறது. அங்கே உள்ளே போன நேரம் அவர்கள் கணினியில் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

அதை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வந்ததும், உள்ளே போனதும், இறக்கி முடித்ததும், வெளியே வந்ததும் என நான்கு படம். இடமும் நேரமும் படத்தில் விழும்படி போனில் அமைத்துவிடலாம். வந்து சேர்ந்த உடனே 'வண்டி வந்துவிட்டது' என்று எல்.ஆர். எண்ணோடு கம்பெனி ஆளுக்கு வாட்ஸ்அப் போடுங்கள். இரண்டு நாள் கழித்துச் சண்டை போடும்போது கேட்கிற முதல் கேள்வி, 'எப்போது சொன்னீர்கள்' என்பதுதான். ஹால்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை லோடு ஏற்றும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். முத்திரை போட்ட எல்.ஆரின் தெளிவான படமே பிஓடியாகச் செல்லும் என்று ஒரு வரியும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். தாளை மெதுவாக அனுப்பலாம்.

பேலன்ஸுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்யுங்கள், இலவசம்தான், ஆதாரும் பானும் போதும். லாரிப் போக்குவரத்து சேவைத் தொழிலில் வருகிறது. பதிவுபெற்ற குறு, சிறு தொழிலுக்கு, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. ஆனால் பயந்துகொண்டு யாரும் கேட்டதில்லை, கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது. நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது வருமான வரித் திருத்தம். 2024 ஏப்ரல் முதல், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையைக் கம்பெனி கொடுக்கிற வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் தானாகவே போன் செய்கிறார். பில்லில் உத்யம் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.

தூத்துக்குடி வழியாகப் போன எங்கள் கண்டெய்னர் எங்கே இருக்கிறது என்று பையர் தினமும் கேட்கிறார். ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) 'போய்க்கொண்டிருக்கிறது' என்பதோடு சரி. நாங்களே பார்க்க வழி உண்டா?
– மெர்ச்சண்டைசர், திருப்பூர்

உண்டு அம்மா. இந்தியத் துறைமுகங்களில் கண்டெய்னர்களில் ரேடியோ அட்டை மாட்டி, துறைமுகம், டோல்கேட், கண்டெய்னர் யார்டு என்று கடக்கும் இடங்களைப் பதிவு செய்கிறது 'லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்'. கண்டெய்னர் எண்ணைக் கொடுத்தால் யாரும் பார்க்கலாம். கப்பல் ஏறிய பிறகு கப்பல் நிறுவனத்தின் தளம். உங்கள் பெட்டி கொழும்பில் இறங்கி வேறு கப்பல் ஏறும் என்றால், அங்கே எந்தக் கப்பலில் மாற்றினார்கள் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். அந்த மாற்றத்தில்தான் நாட்கள் போகும்.

எண்ணைத் தப்பாக அடித்துவிட்டுக் காணவில்லை என்று பதறுகிறவர்கள் அதிகம். அந்த எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் எண். எழுத்துக்கு 10லிருந்து மதிப்பு கொடுத்து (11, 22, 33ஐ விட்டுவிட்டு), இடம் இடமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் மிஞ்சுவது அந்தக் கடைசி எண்ணாக இருக்க வேண்டும். 'சிஎஸ்க்யூயூ 305438' என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6,185. 11ஆல் வகுத்தால் மீதி 3, கட்டத்தில் இருப்பதும் 3. நான் இதை முதன்முதலில் பேனாவால் போட்டுப் பார்த்த அன்று, இதை யோசித்தவரை நினைத்துக் கும்பிட்டேன். ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா ஆவணமும் போனில் வந்துவிட்டது. எல்.ஆர். புத்தகத்தை நிறுத்திவிடலாமா?
– டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கணக்காளர், கோவை

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹனிலோ இருந்தால் அசலுக்குச் சமம், தாள் வேண்டாம். எல்.ஆர். புத்தகத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற நச்சு நிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்தது. துறைமுக கேட்களில் லாரிகள் வரிசையாக நின்றன, எந்தப் பெட்டி யாருடையது என்று சொல்ல ஆளில்லை. மும்பை பக்கம் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் அவர்கள் முனையம் முடங்கியது. 4,000 சர்வர், 45,000 கணினிகளைப் பத்தே நாளில் மறுபடி நிறுவினார்கள். அதற்கு ஆதாரமாக இருந்த, கணினி வலையை இயக்கும் விவரங்களின் ஒரே நல்ல பிரதி கானா நாட்டு ஆபீசில் இருந்தது. தாக்குதல் நடந்தபோது அங்கே கரண்ட் போயிருந்ததால் அந்த சர்வர் மட்டும் தப்பியது.

உலகின் பெரிய கப்பல் நிறுவனத்துக்கே நடந்தது, நம் ஆபீசுக்கும் நடக்கலாம். எல்.ஆரைக் கணினியில் போடுங்கள், ஆனால் மாலையில் அன்றைய பட்டியலை ஒரு தாளில் அச்சடித்துக் கோப்பில் சேருங்கள்: வண்டி எண், எல்.ஆர். எண், இ-வே பில் எண், அது முடியும் தேதி, டிரைவர் போன் எண். ஐந்து பத்தி, ஒரு பக்கம். கோப்பை கணினிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள்.