மதுரைப் பக்கம் நாடகம் பார்க்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரைக்கு ஒருநாள் பயணமாக வருகிறேன். பழைய நாடகக் கூடங்கள், தியேட்டர்கள் என்னென்ன மிச்சம் இருக்கின்றன? ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– வாசகர், கோவை

முடியும். ஆனால் பாதிக்கு மேல் "இங்கேதான் இருந்தது" என்று காட்டுகிற இடங்கள்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிற்பகல் 3 மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலில் தொடங்குவது நல்லது. பகல் பார்வை நேரம் 5 மணியோடு முடிகிறது. 1636இல் எழுந்த இந்த அரண்மனையில் பெரும்பாலோர் அரசவை மண்டபமான சொர்க்கவிலாசத்தின் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். அதை ஒட்டியே நாடகசாலை இருக்கிறது. நாயக்கர் காலத்தில் ஆடலும் பாடலும் நடந்த கூடம் அது. இன்று தொல்லியல் துறையின் சிற்பங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. சிற்பங்களைப் பார்த்த கையோடு கூரையையும் பாருங்கள். மைக் இல்லாத காலத்தில் குரல் எழும்பிய உயரம் எவ்வளவு என்று புரியும். மாலையில் முற்றத்தில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்கும் இருக்க நினைத்தால், தமிழ்க் காட்சி உண்டா, எத்தனை மணிக்கு என்று பகலிலேயே டிக்கெட் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். பழைய நேரத்தை நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மகாலிலிருந்து கீழவெளி வீதிக்கு வந்தால் சிந்தாமணி தியேட்டர் இருந்த இடம். 1937இல் வெளிவந்த 'சிந்தாமணி' படத்தின் வசூலில் எழுந்த கொட்டகை என்பார்கள். அங்கிருந்து ஊரின் மேற்குப் பக்கம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர் இருந்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த, 2,500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கு அது. இரண்டு இடத்திலும் இப்போது ஜவுளிக்கடைதான். கடைசியாக ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேலவெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றம். நூலகமும் கூட்ட அரங்குமாக இருந்த இந்தக் கட்டடத்தில்தான் ஆங்கிலப் படங்களுக்குப் பேர் போன ரீகல் டாக்கீஸ் ஓடியது. பிறகு அது தங்கரீகல் ஆனது. நேரம் குறைவு என்றால் மகாலையும் இந்த மன்றத்தையும் மட்டும் பாருங்கள்.

இவ்வளவு நடந்தும் ஒரு நாடகம்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். மதுரையின் நாடகம் கட்டடத்துக்குள் இல்லை, சுற்றுக் கிராமங்களின் கோயில் பந்தலில் இருக்கிறது. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

கேள்வி: ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது என்கிறார்களே, உண்மையா? ஒத்திகை இல்லாமல் விடிய விடிய எப்படி நடத்துகிறார்கள்?
– வாசகி, ராஜபாளையம்

உண்மைதான். ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) வேறோர் ஊரிலிருந்தும், பபூன் (கோமாளி) மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து இறங்குவார்கள். மேக்கப் போடும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பதும் உண்டு. இது கம்பெனி நாடகம் அல்ல. ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியாக, அந்த ஓர் இரவுக்கென்று பேசி அமர்த்தப்பட்டவர்.

இது சாத்தியமாவதற்கு முதல் காரணம், பாடம் எல்லாருக்கும் பொது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த வழியில் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா என்று ஒரு கைப்பிடி நாடகங்கள்தான் மறுபடி மறுபடி நடக்கின்றன. பாட்டு எங்கே வரும், அதற்கு எதிர்ப்பாட்டு எது என்பது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். ஒருவர் ஒரு விருத்தத்தை எடுத்தால் அடுத்தவருக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும்.

இரண்டாவது காரணம் ஆர்மோனியக்காரர். மேடையின் ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது), தாளம் என்று பக்கவாத்தியம் உட்கார்ந்திருக்கும். இரவு முழுக்கக் கடிவாளம் ஆர்மோனியப் பெட்டியில்தான். நடிகர் வாயெடுக்கும் முன்பே சுருதியைக் கொடுப்பது, பாட்டில் தடுமாறினால் பின்பாட்டுப் பாடி ஏந்திக்கொள்வது, வசனம் நீண்டு கூட்டம் கலைகிற மாதிரி தெரிந்தால் அடுத்த பாட்டின் மெட்டை வாசித்து நடிகரை இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அவர் வேலை. பபூனோடு பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைப்பவரும் அவரே. முதல்முறை பார்க்கிறவர்கள் அரை மணி நேரமாவது நடிகரை விட்டுவிட்டு ஆர்மோனியக்காரரைக் கவனியுங்கள். ஒத்திகை இல்லாத நாடகம் எப்படி ஓடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

மூன்றாவது, இரவின் வரிசை. அது ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. 10 மணி வாக்கில் பக்கவாத்தியக்காரர்களின் கடவுள் வாழ்த்து. பிறகு பபூன் தனியாக வந்து பாட்டும் பேச்சுமாகக் கூட்டத்தைச் சேர்ப்பார். ஒரு மணி நேரம் கழித்து டான்ஸ் நடிகை வர, இருவருக்கும் வாக்குவாதம், பாட்டு, ஆட்டம். கதை தொடங்குவது நள்ளிரவுக்குப் பிறகுதான். வள்ளி திருமணம் என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் ஒரு பெரிய கட்டம். வேடனாக வரும் முருகனுக்கும் தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் நடப்பது அதைவிடப் பெரியது. கிழவர் வந்து, யானை வந்து, கல்யாணம் முடிகிறபோது கிழக்கு வெளுத்திருக்கும். அரை மணி முன்பின் ஆகலாம்.

தர்க்கத்தில்தான் தப்பு நடக்கும். ராஜபார்ட்டுக்கு நாலு கட்டை, ஸ்திரீபார்ட்டுக்கு ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) என்று குரல் எட்டி நின்றால், ஒருவருக்கு ஏற்ற சுருதி மற்றவர் தொண்டையை இறுக்கும். இரவு 3 மணிக்கு மேல் அது காதுக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, ஒருவர் புராணக் கேள்வி போட்டு மடக்கப் பார்க்க, மற்றவருக்குப் பதில் தெரியாமல் போவது. தேர்ந்தவர் எதிராளியை மேடையில் கைவிட மாட்டார். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுப்பார். அதைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் விடியும்வரை கண் மூடாது.

பபூன் – டான்ஸ் முடிந்ததும் எழுந்து போகிறவர்கள் நாடகத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்காமல் போகிறார்கள். தூக்கம் வந்தால் முன்னிரவில் தூங்கிக்கொள்ளுங்கள், தர்க்கத்துக்கு எழுந்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் வந்தால் பார்க்கலாம்? எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?
– வாசகி, சென்னை

பங்குனியிலிருந்து ஆடி வரை. மார்கழிப் பக்கம் வந்தால் கிடைப்பது அரிது. மேலூர், நத்தம், சிங்கம்புணரி, சோழவந்தான், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் அம்மன், அய்யனார், கருப்பசாமி கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும்.

நுழைவுச் சீட்டு கிடையாது, முன்பதிவும் இல்லை. விவரமெல்லாம் நோட்டீஸில்தான். டீக்கடைச் சுவர், பேருந்து நிறுத்தம், கோயில் வாசல் ஆகிய இடங்களில் ஒட்டியிருப்பார்கள். கலைஞர்களின் படத்துக்குக் கீழே யார் என்ன பார்ட் என்று இருக்கும். ஆர்மோனியம் யார் என்பதையும் பார்த்து வையுங்கள். பெயர் பழகப் பழக எந்த ஊருக்குப் போவது என்று நீங்களே முடிவு செய்யலாம். தேதியில் மட்டும் கவனம் தேவை. "செவ்வாய் இரவு" என்றால் செவ்வாய் இரவு தொடங்கிப் புதன் காலை முடிவது. புதன் இரவு போய் வெறும் பந்தல் காலைப் பார்க்காதீர்கள். மதுரையில் உள்ள நாடக நடிகர் சங்கத்தில் கேட்டாலும் அந்த வாரத்து ஊர்களைச் சொல்வார்கள்.

கடைசிப் பேருந்தில் போய் முதல் பேருந்தில் திரும்புகிற கணக்கில் வாருங்கள். மேலூர்ப் பக்கம் என்றால் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம். ஜமுக்காளம் அல்லது பாய், போர்வை, தண்ணீர், டார்ச் போதும். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமும் உட்காரும் ஊர்கள் உண்டு. போனதும் பார்த்து அதன்படி உட்காருங்கள். சாமிக்கும் மேடைக்கும் நடுவே உள்ள வழியில் பாய் விரிக்க வேண்டாம். நாடகம் சாமிக்காக நடப்பது, மேடையும் சந்நிதியைப் பார்த்தே போடப்பட்டிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பபூன் – டான்ஸ் பகுதியில் இரட்டை அர்த்தப் பேச்சு வரும். சில இரவுகளில் எல்லை மீறும். குழந்தைகளை முன்னிரவில் தூங்க வைத்துவிட்டு, கதை தொடங்கும்போது எழுப்புவதுதான் ஊர்க்காரர்கள் செய்வது.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞர்கள் நாங்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– விழாக் குழுவினர், மேலூர் வட்டம்

காவல் நிலையத்திலிருந்து. பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நோட்டீஸ் அடித்த பிறகு தவிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். ஆகவே ஒரு மாதம் முன்பே மனுக் கொடுத்து, எத்தனை மணிவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். 12 மணிக்கு முடிக்க வேண்டும் என்றால் நாடகத்தை மாலை 6 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும், பபூன் – டான்ஸை முக்கால் மணிக்குள் முடிக்க வேண்டும். இதை முன்பணம் கொடுக்கும்போதே கலைஞர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வள்ளி தினைப்புனத்துக்கு வரும்போது மைக்கை அணைக்க வேண்டியிருக்கும். நேரம் மிகக் குறைவென்றால் வள்ளி திருமணத்தை வெட்டிச் சுருக்குவதைவிட அரிச்சந்திராவில் மயான காண்டத்தை மட்டும் வைப்பது மேல். அது தனித்து நிற்கும்.

அடுத்து ஆட்களை அமர்த்துவது. ஏஜென்ட் மூலம் பேசினாலும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம் மூவரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எந்தக் கட்டையில் பாடுவார்கள், முன்பு சேர்ந்து நடித்திருக்கிறார்களா என்று ஆர்மோனியக்காரரிடமே கேட்டால் சரியான பதில் வரும். முகம் தெரிந்த நடிகருக்குப் பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு ஆர்மோனியத்தில் மிச்சம் பிடிக்கிற ஊர்களில்தான் நாடகம் படுக்கிறது. சம்பளம், போக்குவரத்து, முன்பணம் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருவிழா நெருக்கமான மாதங்களில் ஒரே ஆளை ஒரே இரவுக்கு இரண்டு ஊர் கேட்கும். முன்பணம் கைமாறாத வாய்ச்சொல் நிற்காது.

மேடை 20 அடி அகலம், 15 அடி ஆழம், 3 அடி உயரம் இருந்தால் வசதி. பக்கவாத்தியத்துக்கு ஒரு பக்கம் 5 அடி போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பலகை ஆடக் கூடாது. நடிகர் குதிக்கும்போது ஆர்மோனியம் நகர்ந்தால் வாசிப்பவருக்குப் பெரும் தொல்லை. சீன் படுதாவுக்கு மேலே குறுக்குக் கம்பு உறுதியாக இருக்கட்டும். காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் படுதாவின் அடியிலும் கம்பு கட்டி எடை வையுங்கள். மைக்செட்காரரிடம் குழாய் ஒலிபெருக்கியை ஊர் முழுக்கக் கட்டச் சொல்லாதீர்கள். பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, கூட்டத்தைப் பார்த்து வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும், புகாரும் வராது. ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னால் வைக்காமல் 100 அடியாவது தள்ளி வையுங்கள்.

மேக்கப் அறையை மறந்துவிடுவார்கள். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை, நல்ல விளக்கு, கழிப்பறை கட்டாயம். 10 மணிக்குத் தொடங்கும் நாடகம் என்றால் சாப்பாடு 8 மணிக்குள் கொடுங்கள். வயிறு நிறைந்த உடனே எட்டுக்கட்டையில் பாடச் சொல்வது கொடுமை. விடிய விடிய நடக்கும் என்றால் 2 மணிக்கு ஒரு முறையும் 4 மணிக்கு ஒரு முறையும் சுக்குக் காபி. முடிந்ததும் மீதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, வண்டி ஏற்றிவிடும் வரை குழுவில் இருவர் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் மதுரைக்கும் என்ன தொடர்பு?
– மாணவர், தேனி

1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுத்தார். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

கேள்வி: நாடகம் நடக்கும்போது மேடை ஏறிப் பணம் கொடுக்கிறார்களே, வெளியூர்க்காரர்கள் கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

தாராளமாக. ஆனால் தர்க்கம் உச்சத்தில் இருக்கும்போது ஏறாதீர்கள். பாட்டு முடிந்து கைதட்டல் வரும் நேரம் பார்த்து, விழாக் குழுவில் ஒருவரிடம் பெயரையும் ஊரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மைக்கில் சொல்லிக் கலைஞரிடம் சேர்ப்பார்கள். நடிகையின் உடையில் பணத்தைக் குத்துவது, கழுத்தில் மாலையாகப் போடுவது வேண்டாம், கையில் கொடுங்கள். நடிகருக்கு 100 ரூபாய் என்றால் மிருதங்கத்துக்கும் ஆல்ரவுண்டுக்கும் ஆளுக்கு 50 ஆவது எடுத்து வையுங்கள். அவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.