அரபு டேட்டிங் ஆப் கலாச்சாரத்துக்கும் மேற்கத்திய டேட்டிங் ஆப் கலாச்சாரத்துக்கும் என்ன வித்தியாசம்? துபாயில் இருக்கும் நான் எந்த ஆப்பைத் தேர்ந்தெடுக்கலாம்?

துபாயில் ஏழு வருடம் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். இப்போது லண்டனில் நான்காவது வருடம். இரண்டு ஊரிலும் நானும் ஆப் பயன்படுத்தியிருக்கிறேன், கூட வேலை பார்த்த பெண்கள் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

"இது எதற்காக?" என்ற கேள்வி இரண்டு பக்கமும் உண்டு. அரபுப் பக்கத்தில் அதை வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள். மேற்கில் அதைக் கேட்காமல் எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று இரண்டு பேருமே பார்க்கிறார்கள். மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

துபாயின் கராமாவில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஒரு மலையாளி கஃப்டீரியா இருந்தது. கெய்ரோவிலிருந்து வந்த தோழி ஒருத்தியும் நானும் சாயங்காலம் அங்கேதான் கரக் டீ குடிப்போம். அவள் போனை எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாள். ஒரு நாள் திருப்பிக் காட்டினாள். ஒரு பையனின் ப்ரொஃபைல். முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எல்லாம் பளிச்சென்று இருந்தது: வயது, ஊர், தொழுகிறாரா, புகைபிடிப்பாரா, முன்பு கல்யாணம் ஆனவரா, எப்போதைக்குள் கல்யாணம் செய்ய நினைக்கிறார். சலாம் சொல்லி, வேலை விசாரித்து, மூன்றாவது மெசேஜிலேயே இவள் கேட்டிருந்தாள், கெய்ரோவில் வீடு இருக்கிறதா என்று.

எனக்கு முதலில் அது ரொம்பக் கறாராகப் பட்டது. பிறகு அவளே விளக்கினாள். எகிப்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும், பெண்ணுக்கு ஷப்கா என்று தங்கம் போட வேண்டும். வீட்டுச் சாமான்கள் அத்தனையும் எழுதிய ஒரு பட்டியலில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், பிரிய நேர்ந்தால் அது பெண்ணுக்குச் சேரும். இதற்கெல்லாம் பையன்கள் வருடக்கணக்காகச் சம்பாதிக்கிறார்கள். "எட்டு மாசம் பேசிப் பழகி, மனசைக் கொடுத்துட்டு, அப்புறம் வீடு இல்லைன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அதற்குப் பிறகு அந்த மூன்றாவது மெசேஜை நான் கறார் என்று சொன்னதில்லை.

அங்கே பழைய வழக்கத்தில் காத்பா என்று ஒரு அம்மா இருப்பார், நம் ஊர் கல்யாணத் தரகர் மாதிரி. அவர் சொல்லி, பையன் வீட்டார் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்து பெண்ணைப் பார்ப்பார்கள். அப்படி அமையும் கல்யாணத்துக்கு "வரவேற்பறைக் கல்யாணம்" என்றே எகிப்தில் பெயர். கல்யாணத்துக்கென்றே வந்த ஆப்கள் அந்த அம்மாவின் இடத்தைத்தான் பிடித்திருக்கின்றன. சில ஆப்களில் வலீ, அதாவது பெண்ணின் அப்பாவோ அண்ணனோ, உரையாடலின் நகலைப் பெற வசதி உண்டு. மஸ் என்ற ஆப் இதற்குப் பேர் போனது. அது லண்டனில் பிறந்தது, 2015-இல் மஸ்மேட்ச் என்ற பெயரில் வந்தது. டிண்டரை நடத்தும் மேட்ச் குழுமம் வணிகப்பெயர் வழக்குப் போட்டு ஜெயித்ததால் 2022-இல் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். அரபு மக்களுக்காக மட்டும் வந்ததல்ல, எல்லா நாட்டு முஸ்லிம்களும் அதில் இருக்கிறார்கள். கெய்ரோவில் தொடங்கிய ஹார்மோனிகா என்ற கல்யாண ஆப்பை அதே மேட்ச் குழுமம் 2019-இல் வாங்கி, ஹவாயா என்று பெயர் மாற்றியது. கலாச்சாரம் வேறானாலும் பின்னால் இருக்கும் முதலாளி ஒருவராக இருக்கலாம். அதனால் ஒரு ஆப்பில் அரபு எழுத்து இருக்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிட வேண்டாம்.

"அரபு" என்று ஒரே மூட்டையாகவும் கட்ட முடியாது. துபாயில் டிண்டரைத் திறந்தால் லெபனான், சிரியா, எகிப்து, ஜோர்டான்காரர்கள் நிறைய வருவார்கள். அமீரகத்தின் சொந்தக் குடிமக்களான எமிராத்திகளின் முகம் அபூர்வம். அமீரகத்தில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர் என்பது ஒரு காரணம். உள்ளூர்க் குடும்பங்களில் கல்யாணம் பெரும்பாலும் வீட்டார் வழியாகவே நடப்பது இன்னொரு காரணம். எமிராத்தி ஆண் எமிராத்திப் பெண்ணை மணந்தால் அரசு திருமண உதவியாக 70,000 திர்ஹம் வரை கொடுக்கிறது, அதற்கான நிதியம் 1992-இல் தொடங்கியது.

மதம் எது, பிரிவு எது என்று முதலிலேயே கேட்பதை நம் ஆட்கள் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. லெபனானில் அரசு ஏற்ற மதப் பிரிவுகள் 18, உள்நாட்டில் சிவில் திருமணம் கிடையாது. பிரிவு மாறிக் காதலிப்பவர்கள் சைப்ரஸ் போய்ப் பதிவு செய்துவிட்டு வருகிறார்கள். பெரும்பாலான அரபு நாடுகளில் முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணை மணக்க முடியாது, துனிசியா 2017-இல் அந்தத் தடையை நீக்கியது. அதனால் அந்தக் கேள்வி வந்தால் கோபப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இனி, என் மனதை உறுத்தும் விஷயம். படம். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து வந்த இன்னொரு பெண் எங்கள் ஆபீஸில் இருந்தாள். ஒரு ஆப்பில் முகம் தெரியும்படி படம் போட்டிருந்தாள். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவள் சித்தப்பா மகனுக்கு அனுப்ப, அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அவள் அதுவரை யாரோடும் ஒரு காபிகூடக் குடித்ததில்லை. அவள் அப்பா மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. பெருநாளுக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை அவள் ரத்து செய்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் ரத்து செய்தாள். அரபுப் பெண் ஒருத்தி "படம் இப்போது காட்ட முடியாது" என்றால் அவள் ஏமாற்றுகிறாள் என்று முடிவு கட்டாதீர்கள். அவள் நம்பிக் காட்டிய படத்தை நண்பன் ஒருவனுக்குக்கூட அனுப்பாதீர்கள். அமீரகத்தில் அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் பகிர்வது சட்டப்படி குற்றம், சிறையும் உண்டு.

சட்டம் என்றதும் இன்னொன்று. அமீரகத்தில் கல்யாணமாகாத இருவர் சேர்ந்து வாழ்வது 2020 வரை குற்றமாக இருந்தது, இப்போது இல்லை; ஆனால் திருமணத்துக்கு வெளியேயான உறவு என்று துணையோ பாதுகாவலரோ புகார் கொடுத்தால் வழக்கு வரலாம். கத்தாரிலும் குவைத்திலும் அப்படிப்பட்ட உறவு இன்றும் குற்றம்தான். வார இறுதிக்கு தோஹா போகிறோம் என்று துபாய் நினைப்பிலேயே போய்விடக் கூடாது. ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரியது. எகிப்து, ஜோர்டான், ஈராக்கில் பாதுகாப்புப் படையினர் ஆப்களிலும் சமூக ஊடகங்களிலும் போலிக் கணக்கு வைத்து ஆட்களைப் பிடிப்பதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2023-இல் அறிக்கையாக வெளியிட்டது. இப்படித் தண்டிக்கும் நாட்டில் டிண்டரைத் திறந்தால் 2019-இலிருந்து ஒரு எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

லண்டனுக்கு வந்தபோது மூச்சு விட முடிந்தது, பொய் சொல்லவில்லை. படத்தை மறைக்க வேண்டாம், போனைக் கவிழ்க்க வேண்டாம். ஆனால் என் ஃபிளாட்டில் கூட இருந்த ஆங்கிலேயப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியை மடித்துக்கொண்டே அழுதாள். ஹிஞ்ச் ஆப்பில் அறிமுகமான ஒருவரோடு ஐந்து மாதப் பழக்கம். அவர் பெற்றோரைக்கூடப் பார்த்துவிட்டாள். "நாம ரெண்டு பேரும் என்ன?" என்று முந்தின இரவு கேட்டிருக்கிறாள். "அதை இப்பவே முடிவு பண்ணணுமா?" என்று பதில். இந்த ரெண்டுங்கெட்டான் உறவுக்கு சிச்சுவேஷன்ஷிப் என்று ஒரு சொல்லே வந்து, 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல் இறுதிப் பட்டியல் வரை போனது. ஹிஞ்சிலேயே என்ன நோக்கம் என்று குறிக்க இடம் இருக்கிறது. பலர் அதைத் தெளிவாக நிரப்புவதில்லை. நான் கெய்ரோ தோழியை அன்று நினைத்துக்கொண்டேன், அவளுடைய மூன்றாவது மெசேஜை.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். நீங்கள் முஸ்லிம், ஒரு வருடத்துக்குள் கல்யாணம்தான் எண்ணம் என்றால் மஸ், சலாம்ஸ் மாதிரி ஆப்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். வலீ வசதியை, அப்பாவோ அண்ணனோ உங்கள் விருப்பத்தை மதிப்பவர் என்றால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு முளைக்கும் முன்பே கருகிவிடும். பல நாட்டுக்காரர்களோடு பழகிப் பார்க்கலாம், அவசரமில்லை என்றால் துபாயில் ஹிஞ்ச், பம்பிள் இரண்டும் நன்றாகவே போகின்றன. பெண் முதலில் பேச வேண்டும் என்ற விதியோடு பம்பிள் 2014-இல் வந்தது, 2024-இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். வேண்டாத மெசேஜ் குவியாமல் இருந்ததற்கு நான் அதற்கு நன்றி சொல்வேன். எந்த ஆப் என்றாலும் முதல் வாரத்திலேயே இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: இது எதற்காக, நம்மைப் பற்றி யார் யாருக்குத் தெரியலாம். ஹிஞ்சில் நோக்கத்தை நிரப்பாமல் விடாதீர்கள்.

கெய்ரோ தோழிக்கு அந்த மங்கலான படத்துக்காரரோடே கல்யாணம் முடிவானது. அவருக்குச் சொந்த வீடு இல்லை, அதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஆப்பில் பழகியதாக இரு வீட்டிலும் சொல்ல முடியாது. ஆபீஸில் ஒரு இந்தியப் பெண் அறிமுகம் செய்துவைத்தாள் என்று சொல்லிவிட்டார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் ஓடாது என்பதால் அவள் அம்மா கெய்ரோவிலிருந்து போட்டிம் என்ற ஆப்பில் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த அரபு நாலு வார்த்தை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீதானே மகளே சேர்த்துவைத்தாய்?" என்று கேட்டார். தோழி மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஆமாம்மா என்றேன்.